சனிக்கிழமைக் கோட்டான்கள்

ஈரோடு
15.6.2025

அன்புள்ள மாப்பிள்ளை மோகன்குமாருக்கு,

உன் மச்சான் தம்பிதுரை எழுதுவது. நான், உன் அக்கா, மகள் லோகப்பிரியா மூவரும் இங்கே சுகம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி மட்டும் பழையபடி இருக்கிறது. பேரனைப் பார்த்துக்கொள்ள உன் வீட்டுக்காரி ஆஸ்திரேலியா போனபிறகு, நீ மெஸ் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று யோசிப்பாய். முப்பது வருஷம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை எனக்கு. போனில் நான் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள். வாட்சப் பேச்சே வேண்டாம். போன வருஷம் லோகப்பிரியாவுக்கு அமைந்த இடத்தை என் தங்கை பாவாத்தாள் விசாரித்தாள் அல்லவா. "பையனுக்கு முன்மண்டைல முடியே இல்லீங்ணா, அம்மாக்காரி வாயத் தொறந்தா ஊரு தாங்காதுங்" என்று எனக்குப் பேசி அனுப்புவதாக நினைத்துக்கொண்டு, பையன் வீட்டார் ஆரம்பித்திருந்த குரூப்பிலேயே போட்டுவிட்டாள். மண்டபம் பேசிய பிறகு சம்பந்தம் நின்றது. அன்றிலிருந்து லோகப்பிரியா, கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் சொல்வதோடு சரி. ஆகவே இந்த முறை விசாரிப்பு முழுக்கத் தபாலில்தான். பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே. தறிக் குடோனுக்குப் போடு.

இப்போது வந்திருக்கும் பையன் பெயர் கிருபாசங்கர். கோபிப் பக்கம் பூர்வீகம். உன் சரவணம்பட்டியில்தான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சாதகம் பொருந்தியது. கொடுமுடிக் கோயிலில் வைத்து இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். ஆவணியில் உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்துகொள்ளலாம் என்று அவர்கள் கேட்கிறார்கள். நான் இன்னும் தலையாட்டவில்லை.

எனக்கு நூல் கொடுக்கும் வியாபாரியின் மகன் அதே ஆபீசில் இருக்கிறான். அவன் சொன்னான்: சனிக்கிழமை மத்தியானமானால் இந்தப் பையன் ஒரு முகமூடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு எங்கேயோ போகிறானாம். முப்பது வயது ஆளுக்கு எதற்கு முகமூடி? எனக்குச் சரியாகப் படவில்லை. நீ பம்பு கம்பெனி வேலை முடிந்து சும்மாதான் இருக்கிறாய். யார் காதுக்கும் எட்டாமல் விசாரித்து எழுது.

அன்புடன்,
தம்பிதுரை


சரவணம்பட்டி
23.6.2025

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

மோகன்குமார் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். அக்காவை வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல்லவும்.

விசாரித்தேன். பையன் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே இருக்கிற இஸ்திரிக் கடைக்காரரிடம் என் சட்டைகளைக் கொடுக்கும் சாக்கில் இரண்டு நாள் பேச்சுக் கொடுத்தேன். "அந்தத் தம்பீங்களா? துணி நேரமானாக்கூட ஒரு வார்த்தை கடுசாப் பேச மாட்டாப்லீங்க" என்றார். பையன் சாப்பிடும் மெஸ்ஸிலும் போய்ச் சாப்பிட்டேன். அந்த அம்மா சொன்னது: சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பானாம். அம்மாவுக்குத் தினமும் சாயங்காலம் போன் போடுவானாம். ரசத்தில் உப்புக் கூடினால் சொல்லிவிடுவானாம், ஆனால் அந்த அம்மா காதில் மட்டும். குடி கிடையாது, புகை கிடையாது.

முகமூடி விஷயம் உண்மைதான். அது கோட்டான் முகமூடி. "கோட்டான் கோட்டை" என்று ஒரு படம் வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் சாணித்தாளில் அச்சாகி வந்த படக்கதைப் புத்தகத்தைச் சினிமாவாக எடுத்திருக்கிறார்கள். சின்ன வயதில் அதைப் படித்தவர்கள் எல்லாம் சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு முகமூடி போட்டுக்கொண்டு கூட்டமாகப் போகிறார்களாம். மெஸ்காரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு இதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

பணிவுடன்,
மோகன்குமார்


ஈரோடு
27.6.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ மெஸ்ஸில் சாப்பிட்டாயே, வயிறு எப்படி இருக்கிறது?

தப்பாக ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒரு ஆளைப் பற்றி ஊரே நல்லதாகச் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். யாராவது ஒருத்தர் கோபக்காரன் என்றாவது சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பம்பு வாங்க வருகிற ஆள் பம்பை ஓட விட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பான் என்று நீதானே சொல்லுவாய். ஓட விட்டுப் பார்.

பொம்மைப் படத்தை ஒரு தரம் பார்க்கலாம். வாரா வாரம் அதையே பார்க்கிறவன் படத்துக்காகப் போகிறானா, வேறு எதற்காவது போகிறானா? முகத்தை மூடிக்கொண்டு இருட்டில் உட்காருகிறவர்களைப் பற்றி நல்லதாக நினைக்க எனக்கு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை நீயே ஒரு டிக்கெட் எடுத்து உள்ளே போ. அவனோடு யார் வருகிறார்கள், யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்து எழுது.

அன்புடன்,
தம்பிதுரை


சரவணம்பட்டி
6.7.2025

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். வயிறு நன்றாக இருக்கிறது. மெஸ்ஸுக்கே தினமும் போகிறேன், பருப்பு ரசம் அக்கா வைப்பது மாதிரியே வைக்கிறார்கள். அங்கே மழை உண்டா? இங்கே சாரல் மட்டும்தான்.

நேற்று போனேன். வாசலில் இருந்தே கோட்டான்கள்தான். குழந்தைகளைவிடப் பெரியவர்கள் அதிகம். முகமூடி இல்லாமல் வருகிறவர்களுக்கு வாசலில் அட்டையில் ஒன்று கொடுக்கிறார்கள். நானும் ஒன்றை மாட்டிக்கொண்டேன், விசாரிப்புக்கு வசதி என்று.

படம் சுமார்தான். ஒரு ராஜா. அவனுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. ஊரில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கோட்டானைப் பறக்க விட்டிருக்கிறான். யார் என்ன பேசினார்கள், எங்கே போனார்கள் என்று கோட்டான்கள் ராத்திரி வந்து அவன் காதில் ஓதும். நாளாக ஆக, கோட்டான்கள் சரியாகத்தான் சொல்கின்றனவா என்று சந்தேகம் வந்து, கோட்டான்களுக்கு மேலே வவ்வால்களைப் பறக்க விடுகிறான். இந்த நேரத்தில் எருமை மேய்க்கிற ஒருத்தன் வருகிறான். அவனுடைய எருமை பறக்கும். மச்சான், அந்த எருமை பறக்கிறதை நீங்கள் பார்க்க வேண்டும். முதலில் பறக்க மனமில்லாமல் அசை போட்டுக்கொண்டு நிற்கும். அப்புறம் பின்னங்கால் இரண்டையும் சேற்றில் ஊன்றி ஒரு எழும்பு எழும்பும் பாருங்கள், தியேட்டரே எழுந்து நிற்கிறது. வாலில் இருந்து சேறு சொட்டுவதைக்கூட விடாமல் எடுத்திருக்கிறார்கள்.

பையன் நாலாவது வரிசையில் இருந்தான். ஒரு விஷயம். அவன் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். வெள்ளைக் கோட்டான் முகமூடி, ஜீன்ஸ், படத்தின் எருமை அச்சடித்த சட்டை. இரண்டு பேரும் ஒரே சோளப்பொரி டப்பாவில் சாப்பிட்டார்கள். எருமை எழும்பும்போது அந்தப் பெண் அவன் கையைப் பிடித்து ஆட்டினாள். முகத்தைக் காட்டவில்லை. பார்த்ததை எழுதச் சொன்னதால் மறைக்காமல் எழுதுகிறேன். பதற்றப்பட வேண்டாம்.

பணிவுடன்,
மோகன்குமார்


ஈரோடு
10.7.2025

மாப்பிள்ளைக்கு,

சுகம். நீயும் சுகம் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது.

எருமைக்கு அரைப்பக்கம், அந்தப் பெண்ணுக்கு நாலு வரியா? உன்னை நான் எதற்கு அனுப்பினேன்?

எனக்கு அன்றைக்கே தெரியும். கொடுமுடியில் அந்தப் பையன் என்னைப் பார்த்து அத்தனை பவ்யமாகக் கும்பிட்டபோதே எனக்கு உறுத்தியது. இன்னொருத்தியோடு ஒரே டப்பாவில் பொரி தின்றுவிட்டு, என் மகளோடு உப்புச் சர்க்கரை மாற்ற வருவானாம். நீ சொன்ன ராஜாவைப் பற்றிப் படம் எடுத்தவன் என்னவோ குறையாகச் சொல்லியிருப்பான்போல. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கோட்டை கட்டினவன் காவல் வைக்கத்தானே செய்வான்.

நம் பிள்ளையை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. அவளும் சனிக்கிழமைதோறும் பி.எச்.டி. வகுப்பு என்று விடிய ரயிலேறிக் கோயமுத்தூர் வந்துவிட்டு இருட்டும்போதுதான் வீடு திரும்புகிறாள். ஒரு ஊரில் இந்தப் பிள்ளை புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அதே ஊரில் அவன் இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டு எருமை பார்க்கிறான். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நீயும் அவளிடம் மூச்சு விடாதே. உன் அக்காவிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெண் யார், எந்த ஊர், யார் மகள், எனக்குத் தெரிய வேண்டும். வரும் சனிக்கிழமை அவள் பின்னாலேயே போ.

தம்பிதுரை


சரவணம்பட்டி
23.7.2025

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். பதில் போடத் தாமதமானதற்கு மன்னிக்கவும். கொஞ்சம் சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. அங்கே அனைவரும் நலமாக இருப்பீர்கள். ஆடி பிறந்து காற்று பலமாக இருக்கிறது, தறிக் குடோன் ஓட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

அந்தப் பெண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நல்ல குடும்பத்துப் பெண். பையனும் நல்லவன்தான். அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை. நீங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை. இதற்கு மேல் என்னிடம் கேட்க வேண்டாம்.

படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். முதல் தடவை எருமையையே பார்த்துக்கொண்டிருந்ததில் மற்றதைக் கவனிக்கவில்லை. அந்த எருமை மேய்க்கிறவனுக்கு ஆயுதமே கிடையாது. மேய்க்கிற குச்சி ஒன்றுதான். கோட்டானைக்கூட அடிக்க மாட்டான், வா வா என்று எருமை முதுகில் உட்காரச் சொல்லுவான். பையனிடமும் பேசிப் பார்த்தேன், நான் யார் என்று சொல்லாமல். பழைய படக்கதைப் புத்தகங்கள் முப்பது நாற்பது வைத்திருக்கிறானாம். ஒன்றை எனக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறான். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். படத்தைவிட அதில் எருமை குண்டாக இருக்கிறது.

மச்சான், நீங்கள் லோகப்பிரியாவோடு உட்கார்ந்து பேசுவதுண்டா? சும்மாதான் கேட்டேன்.

பணிவுடன்,
மோகன்குமார்


ஈரோடு
28.7.2025

மோகன்குமாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். சளிக்கு மிளகு ரசம் குடி.

உன் கடிதத்தைக் குடோனில் வைத்து மறுபடி மறுபடி படித்தேன். நல்ல குடும்பம் என்கிறாய். எந்த ஊர்க் குடும்பம்? பெயர் என்ன? முகமூடி போட்ட பெண்ணின் குடும்பம் நல்ல குடும்பம் என்று உனக்கு யார் சொன்னது? தப்பாக ஒன்றும் இல்லை என்றால் ஏன் கேட்கக் கூடாது? இரண்டு வாரம் எழுதாமல் இருந்தது சளியால் என்றால் மூன்று தடவை தியேட்டருக்கு எப்படிப் போனாய்? வேவு பார்க்கப் போனவன் அவனிடமே புத்தகம் வாங்கிப் படித்துக்கொண்டு இருக்கிறாய். அவர்கள் வீட்டில் உனக்கு என்ன சொல்லி மயக்கியிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நானும் லோகப்பிரியாவும் பேசுவதைப் பற்றி உனக்கு எதற்கு? என் வீட்டுக்குள்ளே யாராவது உனக்கு ஏதாவது எழுதுகிறார்களா?

இத்தனை வருஷத்தில் உன் மேல் நான் சந்தேகப்பட்டதில்லை. இப்போது படுகிறேன். எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

ஆவணி பிறக்கும் முன்னால் பதில் சொல்ல வேண்டும் என்று தரகர் தினமும் குடோனுக்கு வந்து உட்காருகிறார். அந்தப் பெண்ணின் பெயரும் ஊரும் உன்னிடமிருந்து வந்தாக வேண்டும். வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். லோகப்பிரியாவுக்குக் காரணம் சொல்ல மாட்டேன். சாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன்.

தம்பிதுரை


சரவணம்பட்டி
1.8.2025

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். சளி போய்விட்டது. உங்கள் கோபம் போகவில்லை என்று தெரிகிறது.

தயவு செய்து தரகரிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். இந்தச் சம்பந்தமும் நம் பக்கத்திலிருந்து நின்றால், லோகப்பிரியா இனி கல்யாணம் என்ற பேச்சையே எடுக்க விட மாட்டாள். அதை அவள் சொல்லியே கேட்டிருக்கிறேன். நான் அவளுக்குத் தாய்மாமன். முகூர்த்தத்தன்று அவளைக் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டியவன். கெட்ட இடத்தில் அவளைத் தள்ளிவிட்டு என்னால் சோறு தின்ன முடியுமா? அவர்கள் வீட்டுப் பச்சைத் தண்ணீரைக்கூட நான் குடித்ததில்லை.

அந்தப் பெண்ணின் பெயரை என்னால் எழுத முடியாது. வாக்குக் கொடுத்துவிட்டேன். என் எழுத்தை நம்பாவிட்டால் நீங்களே வந்து உங்கள் கண்ணால் பாருங்கள். படம் வீட்டு டி.வி.க்கே வந்துவிட்டது, ஆனாலும் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை கடைசியாக ஒரு முகமூடி ஆட்டம் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நேராக என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். வேட்டியோடு வந்தால் தனியாகத் தெரியும், என்னுடைய பேண்ட் ஒன்று தருகிறேன். முகமூடி வாசலில் கொடுப்பார்கள். பார்த்த பிறகு வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

பணிவுடன்,
மோகன்குமார்


ஈரோடு
4.8.2025

மாப்பிள்ளைக்கு,

நலம்.

வருகிறேன். கொடுமுடிக் கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன்.

லோகப்பிரியா சொல்லியே கேட்டேன் என்று எழுதியிருக்கிறாய். எப்போது கேட்டாய்? நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

தம்பிதுரை


ஈரோடு
10.8.2025

அன்புள்ள மாப்பிள்ளை மோகன்குமாருக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். உன் பேண்ட் இடுப்பை இறுக்கியதைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். அந்த நேரத்தில் உன்னோடு பேசியிருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு என்னை நாலாவது வரிசைக்கு அனுப்பினாய். படியில் தடுமாறினேன். கறுப்புக் கோட்டான் ஒன்று எழுந்து வந்து முழங்கையைப் பிடித்தது. "படி இருக்குதுங்க ஐயா, பாத்து வாங்க" என்றான். கிருபாசங்கர் என்று குரலில் தெரிந்தது. அவனைத் தாண்டி வெள்ளைக் கோட்டான். அவளுக்கு அடுத்த சீட்டு எனக்கு. அந்தச் சீட்டு தற்செயலாக அமைந்தது என்று நான் நம்பவில்லை.

படம் ஓட ஆரம்பித்தும் நான் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீன்ஸும் எருமைச் சட்டையுமாக எந்த ஊர்ப் பெண்ணோ என்று நினைத்தேன். இடைவேளையில் எழுந்து நின்று, பெயர் என்ன, யார் மகள் என்று நேராகக் கேட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தேன். என் குரலுக்குத் தியேட்டர் முழுக்கத் திரும்பிப் பார்க்கும், பார்க்கட்டும் என்றிருந்தேன்.

அப்புறம் எருமை எழும்பியது. நீ எழுதியது ஒன்றும் மிகையில்லை. அது கோட்டை மதிலைத் தாண்டும்போது நான் கை தட்டிவிட்டேன். இதை யாரிடமும் சொல்லாதே.

இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னால் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, மொதத் தடவைங்களா? எருமைக்கு நீங்க கை தட்டுனதப் பாத்தனுங்க" என்றாள்.

நம் லோகப்பிரியாவின் குரல்.

நான் ஒரு வார்த்தை பேசினாலும் குரலை வைத்து அவளுக்குத் தெரிந்துவிடும். தலையை ஆட்டினேன். "தனியாவா வந்தீங்க?" என்றாள். அதற்கும் ஆட்டினேன். காது கேட்காத ஆள் என்று நினைத்தாளோ, வாய் பேச முடியாதவர் என்று நினைத்தாளோ, குனிந்து கிட்டத்தில் வந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். அவன் போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தான். முகமூடியைத் தூக்காமல் குடிக்க முடியாது. கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவள் வகுப்பு மத்தியானத்தோடு முடிந்துவிடுமாம். எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

ராஜாவுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை, மாப்பிள்ளை. எருமையைப் பற்றி அத்தனை எழுதினாய், அதை மட்டும் விட்டுவிட்டாய். லோகப்பிரியா சொன்னாள்: "அந்த ராசா கெட்டவருன்னு நெனச்சுக்காதீங்க. மக மேல உசுரையே வெச்சிருக்கறாரு. ஆனா அவளுக்கு என்ன புடிக்கும், எதுக்கு அழுவறான்னு தெரியோணும்னா கோட்டானக் கூப்புட்டுத்தானுங்க கேப்பாரு. அவ பக்கத்து ரூம்லதான் இருப்பா. போயிக் கதவத் தட்டி ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதுங்க அவருக்கு."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

"எங்கப்பாவையும் கூட்டியாந்து இதக் காட்டோணும்னு ஆசைதானுங்க" என்றாள். "கூப்புட்டா, எதுக்கு, ஆரு கூடப் போறே, ஆரு சொன்னாங்கன்னு விசாரணை ஆரம்பிச்சுரும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதற்கு அவன், "கல்யாணம் முடியட்டும், ரெண்டு பேருமாப் போயிக் கூட்டியாரலாம்" என்றான். "கல்யாணம் நடந்தாப் பாக்கலாம். இன்னும் விசாரிச்சுட்டுத்தான் இருக்கறாங்க" என்றாள். அப்போது சிரிக்கவில்லை.

முகமூடியைக் கழற்றிவிடலாம் என்று கை போனது. கழற்றவில்லை. கழற்றினால் பேச்சை நிறுத்திவிடுவாள். என் மகள் என்னோடு அத்தனை நேரம் பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதையும் முகம் தெரியாத ஒரு கிழவனோடு பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமூடி இருந்ததால் யாருக்கும் தெரியாது.

அவள் உன்னிடம் முகமூடியைத் தூக்கிக் காட்டி வாக்கு வாங்கியிருக்க வேண்டும். நீ சொல்லாமல் இருந்ததற்கு உன் மேல் கோபம் இருந்தது. பஸ் பெருந்துறை தாண்டும்போது போய்விட்டது.

இன்று காலையில் தரகரைக் கூப்பிட்டு, ஆவணியில் முதல் நல்ல நாளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். உப்புச் சர்க்கரை மாற்றும்வரை பாவாத்தாளை எந்தக் குரூப்பிலும் சேர்க்க வேண்டாம் என்று உன் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். தாய்மாமன் நீ முதல் நாளே வந்துவிட வேண்டும்.

நேற்று வீடு வந்தபோது லோகப்பிரியா எனக்கு முன்னாலேயே ரயிலில் வந்து சேர்ந்துவிட்டிருந்தாள். பழையபடி சுடிதார். "ஏனுங்ப்பா, இத்தன நேரமாக் காணோம், எங்க போயிருந்தீங்க?" என்றாள். கொடுமுடிக்கு என்றேன். சொல்லிவிட்டுத்தான் குனிந்து பார்த்தேன். வேட்டியோடு கிளம்பினவன் உன் பேண்டோடு நிற்கிறேன், வேட்டியை உன் வீட்டிலேயே விட்டுவிட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் விசாரிக்கவில்லை. "கையக் கழுவிட்டு வாங்க" என்று தட்டு வைத்தாள்.

தோசையைப் போட்டுவிட்டு உள்ளே போகப் போனவளை நிறுத்தினேன். "கண்ணு, அந்தக் கிருபாசங்கரை உனக்குப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டேன். கொடுமுடியில் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத் தரகர் கேட்டார், உன் அக்கா கேட்டாள், பாவாத்தாள்கூடக் கேட்டாள். நான் கேட்டிருக்கவில்லை.

கரண்டியைக் கீழே வைத்தாள். "புடிச்சிருக்குதுங்ப்பா" என்றாள். அப்புறம் எதிரில் உட்கார்ந்துகொண்டு, நான் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பானாம். அம்மாவுக்குத் தினமும் சாயங்காலம் போன் போடுவானாம். ரசத்தில் உப்புக் கூடினால் காதில் மட்டும் சொல்லுவானாம். எல்லாம் நீ ஜூன் மாதமே எனக்கு எழுதியதுதான். அப்படியா கண்ணு, அப்படியா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
உன் மச்சான்
தம்பிதுரை